அச்சுக்கு முன் பலகை: சிறு தொழில்முனைவோருக்கு ஒரு பாடம்

தேவிகுளம் வட்டத்தின் கடைவீதிகளில் தமிழும் மலையாளமும் அருகருகே எழுதப்பட்ட பெயர்ப்பலகைகளைக் காண்கிறோம். பி.வி.சி. ஃப்ளெக்ஸ் பலகைகளுக்குக் கேரள அரசு 2019-இல் தடை விதித்த பின்னர், அச்சகத்தார் வேறு பொருள்களை நாட வேண்டியதாயிற்று. அவற்றுள் ஒன்று, தொழிலில் ஏ.சி.பி. ஷீட் எனப்படும் அலுமினியக் கலவைப் பலகை. அதன்மேல் ஃபிளாட்பெட் யு.வி. இயந்திரத்தால் நேரடியாக அச்சிடலாம்.

இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு வருவோரிடம் நாம் விலைப்புள்ளியையும் வருவாய்க் கணக்கையும் பார்க்கிறோம். ஆனால், கணக்கைக் காப்பது அச்சுக்கு முந்தைய ஆயத்தமே. மை உரிந்த பலகையை வாடிக்கையாளர் திருப்பித் தந்தால் ஷீட், மை, உழைப்பு, நற்பெயர் நான்கும் போகும். மாதத் தவணை மட்டும் காத்திருக்காது.

இப்பலகை இரு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் உட்கருவைக் கொண்டது. 3 அல்லது 4 மி.மீ. தடிமனுள்ளவை மிகுதியாகப் பயன்படுகின்றன. மை ஒட்டுவது உலோகத்தின்மீது அன்று; அதன்மேலுள்ள பூச்சின்மீதே. பாலியெஸ்டர் பூச்சில் மை பொதுவாக நன்கு பற்றும், பி.வி.டி.எஃப். பூச்சில் எளிதில் பற்றாது. ஆகவே, வாங்கும்போதே பூச்சின் வகையைக் கேட்டறிதல் வேண்டும்.

ஆயத்த முறை வருமாறு:

1. ஷீட்டைத் தட்டையாக அடுக்கி வைக்க வேண்டும். வளைந்த பலகை அச்சுத்தலையில் உரசும். அச்சுத்தலையோ இயந்திரத்தின் விலை மிக்க உறுப்பு.

2. மூடுபனிக் காலத்தில் குளிர்ந்த ஷீட்டை வெப்பமான அறைக்குள் கொணர்ந்தால் அதன்மேல் ஈரம் படியும். அறையின் வெப்பநிலையை அடையும்வரை அதனை அங்கேயே வைத்திருத்தல் நலம்.

3. பாதுகாப்புப் படலத்தை அச்சிடுவதற்குச் சற்று முன்னரே மெதுவாக உரிக்க வேண்டும். வேகமாக உரித்தால் நிலைமின்னேற்றம் உண்டாகித் தூசியை ஈர்க்கும், மைத்துளிகளும் சிதறும்.

4. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் உதிராத துணியால் ஒரே திசையில் துடைத்து உலரவிட வேண்டும். இது எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமும் கையுறையும் அவசியம். துடைத்த பரப்பை வெறுங்கையால் தொடலாகாது.

5. ஒரு துண்டில் அச்சிட்டு, 24 மணி நேரத்திற்குப் பின் கட்டமாகக் கீறி, ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். மை பெயர்ந்தால், அந்த மைக்குரிய பிரைமர் பூசி மீண்டும் சோதிக்க வேண்டும்.

சோதனைத் துண்டில் ஷீட்டின் தொகுதி எண்ணையும் தேதியையும் எழுதி வைப்பது நன்று. பின்னர்ப் புகார் எழுந்தால் அதுவே சான்று.

கட்டட முகப்புக்கான ஆணை என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. 2017 ஜூன் 14 அன்று இலண்டனின் கிரென்ஃபெல் கோபுரத் தீவிபத்தில் 72 பேர் உயிரிழந்தனர். பாலிஎத்திலீன் உட்கருவுடைய இத்தகைய முகப்புப் பலகைகள் வழியே தீ விரைந்து பரவியது. எனவே, முகப்புக்குத் தீத்தடுப்பு உட்கரு கொண்டவற்றையே பரிந்துரைப்பீர்.

திட்ட அறிக்கை எழுதும்போது சோதனைத் துண்டு, பிரைமர், துடைப்புப் பொருள்கள் ஆகியவற்றின் செலவையும் நடைமுறை மூலதனத்தில் சேர்த்துக் காட்டுங்கள். சிறிய தொகைதான், பெரிய இழப்பைத் தடுப்பதும் அதுவே.