பம்புக் குழாய்களில் சக்தி நஷ்டம்

கிணற்றில் ஜலம் போதிய அளவு இருந்தும், பம்பு செட்டு பழுதின்றி ஓடியும், வாய்க்காலில் விழும் ஜலம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாயிருப்பதை அநேக விவசாயிகள் கண்டிருப்பர். பழி பெரும்பாலும் எஞ்சின் மீதோ மோட்டார் மீதோ விழும். குழாயைச் சந்தேகிப்போர் சிலரே.

குழாயினுள் ஓடும் ஜலம் அதன் சுவரோடு உராய்ந்து சக்தியை இழக்கிறது. இந்நஷ்டத்தை அடிக்கணக்கில் கூறுவது வழக்கம். கிணறு அத்தனை அடி கூடுதலாக ஆழமானதற்கு அது சமானம். சற்றுப் பழகிய 3 அங்குல இரும்புக் குழாய் 100 அடி நீளமிருந்து, விநாடிக்கு 10 லிட்டர் ஜலம் சென்றால், நஷ்டம் உத்தேசம் 8 அடியாகும். அதே ஜலம் 4 அங்குலக் குழாயிற் சென்றால் 2 அடியே. அதாவது, குழாயில் ஓர் அங்குலம் மிச்சம் பிடித்தவர் நாள்தோறும் 6 அடி வீணாக இறைக்கிறார். விட்டம் பாதியானால் நஷ்டம் ஏறக்குறைய 32 மடங்காகும். 20 அடிக்கு உட்பட்ட குழாயில் இவ்வித்தியாசம் அற்பமே. தூரத்து வயலுக்குக் கொண்டு செல்பவரே கவனிக்க வேண்டும்.

உட்புறம் சொரசொரப்பான குழாய்களில் நஷ்டம் அதிகமென்பதைப் பிரெஞ்சு எஞ்சினீயர் ஆன்ரி டார்சி 1857இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. ஆகையால் துருவேறிய பழங்குழாயை மலிவென்று வாங்குவது லாபமன்று.

இனி தடைகள். செங்கோணமாகத் திரும்பும் எல்போவில் ஏற்படும் நஷ்டம், நீண்டு வளைந்த பெண்டில் ஏற்படுவதைப்போல் சுமார் மூன்று மடங்கு. இணைப்பில் வைக்கும் ரப்பர் வளையம் துவாரத்துக்குள் நீட்டிக்கொண்டிருப்பதும் தடையே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது.

உறிஞ்சு குழாயில் இவை மிகவும் கெடுதி. அதனுள் ஜலத்தை மேலேற்றுவது காற்றின் அழுத்தம். அது தாங்கக்கூடியது 34 அடிக்கு மேலில்லை. நடைமுறையில் 20 அடிக்கு மேற்பட்டாலே தொல்லை தொடங்கும். இலையும் பாசியும் அடைத்த ஃபுட்வால்வு சல்லடை அந்தச் சிறு அளவிலிருந்தும் பல அடிகளைப் பறித்துக்கொள்ளும். ஆதலால் உறிஞ்சு குழாயைக் குறுகலாக அமைத்தல் எவ்விதத்திலும் தகாது.

நஷ்டத்தைக் கண்டறிய 200 லிட்டர் பீப்பாய் ஒன்றும் கடிகாரமும் போதும். விநாடிக்கு 10 லிட்டர் வந்தால் பீப்பாய் 20 விநாடியில் நிரம்பும். சல்லடையைச் சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும், கிணற்றின் ஜலமட்டம் ஒன்றாயிருக்கும்போது, அளந்து குறித்துக்கொள்க. கிராம அதிகாரிகள் இதனைக் கிணற்றடியிலேயே பலர் முன்னிலையில் செய்து காட்டலாம்.