பத்தாண்டுக்கு முந்தைய கார்டு கடன்

கேள்வி: 2016க்குப் பிறகு என் கிரெடிட் கார்டுக்கு நான் எதுவும் கட்டவில்லை. இப்போது வசூல் நிறுவனம் கடிதம் போட்டு, "முதலில் 50 வெள்ளியாவது கட்டுங்கள்" என்கிறது. கட்டலாமா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: சகோதரி, அந்த 50 வெள்ளியைக் கட்டாதீர்கள். சிங்கப்பூரின் 1959ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 6 ஆண்டுகள்தான். ஆனால் சிறு தொகை கட்டினாலோ, "கடன் உண்டு" என்று எழுதிக் கையெழுத்திட்டாலோ அந்த 6 ஆண்டு புதிதாகத் தொடங்கக்கூடும். வாட்ஸ்அப் பதிலிலும் கவனமாக இருங்கள். அவர்கள் சிறு தொகை கேட்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கெடு முடிந்தாலும் கடன் அழிவதில்லை. வழக்குப் போடும் வழிதான் அடைபடுகிறது. அதையும் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், நீதிமன்றம் தானாகக் கேட்காது. நீதிமன்றத்திலிருந்து தாள் வந்தால் தயவுசெய்து மேசையில் போட்டுவைக்காதீர்கள். பதில் போடாவிட்டால் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பாகிவிடும். முன்பே தீர்ப்பு வந்திருந்தால் கணக்கு வேறு, அதற்கு 12 ஆண்டு. ஆகவே கடைசியாகப் பணம் கட்டிய தேதி, பழைய வழக்கு ஏதும் உண்டா என்ற இரண்டையும் முதலில் உறுதிசெய்யுங்கள்.

வீட்டு வாசலில் மிரட்டினால் போலீசில் புகார் கொடுங்கள். 2014ஆம் ஆண்டுத் தொல்லைத் தடுப்புச் சட்டம் வசூல்காரர்களுக்கும் பொருந்தும். கடிதத்துக்குப் பதில் எழுதுமுன் சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குத் தாள்களோடு போய்வாருங்கள்.