நடுவிரல் நகத்தில் நிற்கும் 500 கிலோ

வலக்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டை மெல்ல உயர்த்துங்கள். மற்ற விரல்களை மடக்கி, நடுவிரலின் நுனி மட்டும் மேசையைத் தொடும்படி நிறுத்துங்கள். குதிரையின் முன்னங்கால் இப்படித்தான் தரையைத் தொடுகிறது. நாம் அதன் 'முழங்கால்' என்று நினைப்பது உண்மையில் மணிக்கட்டு. அதற்குக் கீழே இருப்பது உள்ளங்கையும் ஒரே ஒரு விரலும்தான். அந்த விரல் நுனியைச் சுற்றி வளர்ந்த தடித்த நகமே குளம்பு.

ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் ஏறினால் ஐந்தாவது நிலையம் கிராஞ்சி. அங்குள்ள திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி சிங்கப்பூரின் கடைசிக் குதிரைப் பந்தயம் நடந்தது. முதல் பந்தயம் நடந்தது 1843இல், இன்றைய ஃபேரர் பார்க் வட்டாரத்தில். லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோடு அந்தப் பழைய திடலின் பெயரைத்தான் சுமக்கிறது. அங்கிருந்து சற்று நடந்தால் பஃப்ளோ ரோடு. ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த இடம் அது. 'கண்டாங் கெர்பாவ்' என்றால் மலாய் மொழியில் எருமைத் தொழுவம். ஆக, ஒரே வட்டாரத்தில் இருவகைக் குளம்புகள் நடமாடியிருக்கின்றன. மாடு மூன்றாவது, நான்காவது விரல்களில் நிற்கிறது. அதனால் அதன் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும். குதிரைக்கு மூன்றாவது விரல் மட்டுமே. மாட்டின் ஒரு காலுக்கு இரண்டு துண்டு லாடம், குதிரைக்கு ஒன்று என்பதற்கும் இதுவே காரணம்.

வெளியிலிருந்து நமக்குத் தெரிவது குளம்புச் சுவர். உங்கள் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின்தான் அதிலும் இருக்கிறது. சுவர், மேலே தோலோடு சேரும் மகுட விளிம்பிலிருந்து கீழ்நோக்கி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. முன்பக்கச் சுவர் முழுதாகப் புதுப்பிக்கப்பட ஓர் ஆண்டளவு ஆகும்.

காலைத் தூக்கிப் பார்த்தால் அடித்தளமும், அதன் நடுவே 'வி' வடிவத்தில் ரப்பர் போன்ற ஒரு பகுதியும் தெரியும். அதற்கு ஆங்கிலத்தில் தவளை என்று பெயர்! லத்தீன் மருத்துவப் பெயருக்குப் பொருள் 'ஆப்பு'. வடிவத்தைப் பார்த்தால் அதுவே பொருத்தம் என்பேன். குதிரை காலை ஊன்றும்போது குளம்பின் பின்பகுதி சற்றே விரிகிறது, தூக்கும்போது சுருங்குகிறது. இந்த அசைவு, காலின் அடியில் உள்ள இரத்தத்தை மேலே தள்ள உதவுகிறது.

உள்ளே இருப்பது விரலின் கடைசி எலும்பு. பெட்டிக்குள் வைத்ததுபோல் குளம்புக்குள் அடங்கியிருப்பதால் ஆங்கிலத்தில் அதைச் சவப்பெட்டி எலும்பு என்பார்கள். சரி, 500 கிலோ குதிரையின் எடை எதன்மேல் இருக்கிறது? எலும்பு அடித்தளத்தை அழுத்தி நிற்கிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். அது தவறு. எலும்பு சுவரிலிருந்து தொங்குகிறது.

இரண்டு நோட்டுப் புத்தகங்களின் தாள்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்து, பிறகு இழுத்துப் பாருங்கள். எளிதில் பிரியாது. நோட்டில் வேலை செய்வது உராய்வு. குளம்பிலோ உயிருள்ள திசுக்களின் ஒட்டு. சுவரின் உட்புறத்தில் ஏறத்தாழ 600 மெல்லிய தகடுகள் உண்டு. எலும்பைப் போர்த்திய திசுவிலிருந்தும் அதேபோல் தகடுகள் கிளம்பி அவற்றுடன் கோத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு தகட்டிலும் நூற்றுக்கும் அதிகமான நுண்தகடுகள். முழு வேகத்தில் ஓடும்போது ஒரு முன்னங்கால்மேல் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு விசை, அதாவது ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடைக்குச் சமமான விசை விழுகிறது. அதை இந்த ஒட்டு தாங்குகிறது.

இந்த ஒட்டு தளர்ந்தால் வரும் நோய் லேமினைடிஸ். தானியத்தை அளவுமீறித் தின்பதாலும் உடலில் இன்சுலின் மிகுவதாலும் அது வரலாம். அப்போது காலின் பின்புறத் தசைநாண் எலும்பைப் பின்னுக்கு இழுக்க, எலும்பின் முனை கீழே சாய்கிறது. முற்றினால் அடித்தளத்தையே துளைத்துவிடும்.

குதிரையின் கால் முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டுக் காப்பாற்ற முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் 2006இல் வென்ற பார்பரோ என்ற குதிரைக்கு அதே மாதம் அடுத்த பெரிய பந்தயத்தில் வலப் பின்னங்கால் முறிந்தது. அறுவைச் சிகிச்சை செய்து எலும்பைச் சேர்த்தார்கள். ஆனால், ஜூலையில் இடப் பின்னங்காலில் லேமினைடிஸ் வந்துவிட்டது. முறிந்த காலைக் காப்பதற்காக எடை முழுவதும் நல்ல காலுக்கு மாறியிருந்தது. காலை மாற்றி மாற்றி ஊன்றினால்தான் தகடுகளுக்கு இரத்தம் சீராகப் போய் வரும். 2007 ஜனவரி 29 அன்று, வேறு வழியில்லாமல் பார்பரோவைக் கருணைக்கொலை செய்தார்கள்.

இவ்வளவு நுட்பமான உறுப்பில் ஆணி அடிக்கலாமா? அடிக்கலாம், இடம் தெரிந்தால். சுவரும் அடித்தளமும் சேரும் இடத்தில் 'வெள்ளைக் கோடு' ஒன்று இருக்கிறது. பெயர்தான் வெள்ளை, பார்த்தால் மஞ்சளாக இருக்கும். அதற்கு வெளியே உள்ள சுவரில் நரம்பில்லை. நகம் வெட்டுவது உங்களுக்கு வலிக்காததுபோல் குதிரைக்கும் ஆணி வலிக்காது.

லாடம் அடிப்பவரை ஆங்கிலத்தில் 'ஃபேரியர்' என்பார்கள். ஃபேரர் பார்க் நினைவுக்கு வருகிறதா? பந்தயத் திடல் இருந்த இடம் என்றாலும், அந்தப் பெயர் நகராட்சித் தலைவராக இருந்த ரோலண்ட் ஃபேரருடையது. ஆனால், அவருடைய குடும்பப் பெயருக்கும் இந்தத் தொழில் பெயருக்கும் மூலம் ஒன்றே: இரும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'ஃபெர்ரம்'. தனிம அட்டவணையில் இரும்பின் குறியீடும் அதிலிருந்து வந்ததுதான்.

லாட ஆணியின் முனை ஒருபுறம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். அடிக்க அடிக்க அது வெளிப்புறமாக வளைந்து சுவரைத் துளைத்து வெளியே வரும். நீட்டிக்கொண்டிருக்கும் முனையை முறித்து மடக்கிவிடுவார்கள். ஆணி வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே போனால் குதிரை காலை உதறும். தாண்டாமல், அருகே அழுத்திக்கொண்டு மட்டும் நின்றால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்து நொண்டும்போதுதான் எந்த ஆணி என்று தேட வேண்டியிருக்கும்.