போனைப் பிடுங்குவதற்கு முன்னால்...



நான் கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். எங்கள் வீட்டில் பத்தாவது முடித்து மேலே படிக்கும் முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கொத்தனார் வேலை. தெருவில் யாருடைய போனில் எது கெட்டாலும், "தம்பி கம்ப்யூட்டர் படிக்குது, குடு பார்க்கட்டும்" என்று என்னிடம்தான் வரும். உங்களில் பலருக்கும் ஊரில் இதே உத்தியோகம் இருக்கும்! அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் சித்தி மகள் சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். அழுதாள். இன்ஸ்டாகிராமில் அவள் போட்டிருந்த படத்தை எவனோ எடுத்து, ஆபாசமாக மாற்றி அவளுக்கே அனுப்பியிருக்கிறான். கேட்கிற போட்டோவை அனுப்பாவிட்டால் இதைப் பள்ளி குரூப்பில் போட்டுவிடுவதாக மிரட்டல். நாலு நாளாக ஏன் சொல்லவில்லை?

"சொன்னா அம்மா போனைப் பிடுங்கிடும்ண்ணா. பள்ளிக்கூடத்தையும் நிறுத்திடும்."

மிரட்டியவன் நம்பியிருந்ததே இந்தப் பயத்தைத்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வீரமாகப் போனை வாங்கி அவனை பிளாக் செய்தேன். சாட் முழுவதையும் அழித்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைப்பு! இரண்டே நாளில் வேறு கணக்கிலிருந்து மறுபடி வந்தான். புகார் கொடுக்கலாம் என்றால் பழைய கணக்கின் பெயர்கூடக் கையில் இல்லை.

பிறகு அவளுடைய வகுப்பு டீச்சரிடம் போனோம். டீச்சர் படத்தைக் காட்டச் சொல்லவில்லை. "நீ எதுக்கு போட்டோ போட்ட?" என்றும் கேட்கவில்லை. "உன் மேல தப்பு இல்லம்மா" என்றார். "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே டீச்சர்?" என்று இவள் கேட்டாள். "யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்வேன்" என்றார். அந்தப் பதிலின் அருமை எனக்குச் சட்டத்தைப் படித்தபோதுதான் புரிந்தது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, இப்படியொரு குற்றம் தெரிந்தவர் எவரானாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிந்தும் மறைத்தால் 21ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஆக, ரகசியமாக வைப்பதாக ஆசிரியர் வாக்குக் கொடுக்கவே முடியாது.

சித்தி ஸ்டேஷன் என்றதும் நடுங்கிவிட்டார். வயசுப் பெண்ணை அங்கே எப்படிக் கூட்டிப்போவது? போக வேண்டியதில்லை நண்பர்களே! 24ஆவது பிரிவின்படி குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ பதிவு செய்யலாம். கூடியவரை பெண் அதிகாரி வர வேண்டும். சீருடையில் வரக்கூடாது. இதை நான் வாசித்துக் காட்டிய பிறகுதான் சித்திக்கு மூச்சே வந்தது.

இந்த முறை அழிக்காமல் வைத்தோம். கணக்கின் பெயர், லிங்க், மிரட்டல் வாசகம், தேதி, நேரம் இவ்வளவும் ஸ்கிரீன்ஷாட்டாக. படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பவில்லை. 'பாருங்க இந்த அநியாயத்தை' என்று நல்லெண்ணத்தில் குரூப்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் அப்படிப் பரப்புவதே குற்றம். முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை சிறை. படம் போலிதானே என்றும் தப்பிக்க முடியாது. 2019இல் வந்த போக்சோ திருத்தம், குழந்தைபோல் தோன்றும்படி மாற்றிய படத்தையும் சேர்த்தே சொல்கிறது.

தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் புகார் பதிந்தோம். கணக்கு முடக்கப்பட்டது. ஆள் இன்னும் அகப்படவில்லை.

இனி நம் பாடத்துக்கு வருவோம். 'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவச சேவை 2023இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. 18 வயதுக்குட்பட்டபோது எடுத்த ஆபாசப் படம் வெளியே போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கானது. படத்தை அதில் ஏற்ற வேண்டாம். நம் போனிலேயே படத்திலிருந்து ஹாஷ் கணக்கிட்டு அந்த எண்ணை மட்டும் அனுப்புகிறது. இதில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் அதே ஹாஷ் உள்ள படம் வந்தால் நீக்கலாம். எண்ணிலிருந்து படத்தைத் திரும்ப வரைய முடியாது. ஆனால் சாதாரண ஹாஷில் ஒரு பிட் மாறினாலும் எண் முழுதும் மாறிவிடும். படத்தைச் சற்றுச் சுருக்கினாலே ஏமாந்துபோகும். இதற்காகத்தான் 2009இல் மைக்ரோசாஃப்டும் பேராசிரியர் ஹானி ஃபரிதும் சேர்ந்து, அளவு மாறினாலும் அடையாளம் காணும் ஃபோட்டோடிஎன்ஏவை உருவாக்கினார்கள். மறையாக்கம் செய்த வாட்ஸ்அப் செய்திக்குள் மட்டும் டேக் இட் டவுன் எட்டிப்பார்க்க முடியாது.

தலைமையாசிரியர் அனுமதியுடன் இதையெல்லாம் நான் படித்த பள்ளியில் ஒரு பீரியட் சொன்னேன். கடைசியில் துண்டுச்சீட்டு கொடுத்து, பேர் போடாமல் கேள்வி எழுதச் சொன்னேன். ஹாஷ் பற்றி ஒரே ஒரு சீட்டு! பாக்கிச் சீட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "வீட்ல திட்டுவாங்களா?"

பிள்ளைகளுக்குப் பாஸ்வேர்ட் பற்றிச் சொல்ல எத்தனையோ பேர் வருகிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த வகுப்பிலேயே இல்லை. எனவே அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கும் போனேன். சட்டம், ஹாஷ் எதுவும் பேசவில்லை. "பிள்ளை சொன்னா, அன்னைக்கு ஒரு நாளாவது திட்டாம கேளுங்க. போனைப் பிடுங்காதீங்க, அதுலதான் ஆதாரம் இருக்கு" என்றேன். கடைசி வரிசையில் சித்தி உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும், "தம்பி, அந்தப் பிள்ளைங்க நம்பர் என்ன?" என்று கேட்டார். காலண்டரில் கேஸ் புக் பண்ணும் நம்பருக்குக் கீழே 1098 என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.