காளான் ஈறு நோயைத் தீர்க்குமா?



பல் துலக்கும்போது இரத்தம் கசிவதை நம்மில் பலர் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களும் ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துத் தாய்மார்களும் பல் ஆடத் தொடங்கிய பிறகே வைத்தியரிடம் வருகிறார்கள். சிலர் கையில் இப்போது ரெய்ஷி காளான் மாத்திரை டப்பாவும் இருக்கிறது. "இது நல்லதுதானா, ஐயா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். ஆகவே இதைக் குறித்துக் கொஞ்சம் படிப்போம்.

1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற அறிஞர், ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கிற்று. மறுபடியும் துலக்கியதும் சுமார் ஒரு வாரத்தில் ஆறிற்று. பல்லில் படியும் கிருமிப் படலமே தொடக்கம் என்பது அப்போது தெளிவாயிற்று.

அவருடைய அடுத்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. 1970 முதல் 15 ஆண்டுகள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பல் வைத்தியமே அறியாத 480 ஆண் தொழிலாளர்களை அவர் குழு கவனித்தது. (அத்தோட்டங்களில் உழைப்போர் பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து சென்றவர்களின் சந்ததியார்.) எல்லார் வாயிலும் அழுக்கும் வீக்கமும் இருந்தன. ஆயினும் சுமார் 8 சதவீதம் பேருக்கே பல்லைத் தாங்கும் பகுதி வேகமாக அழிந்தது. 81 சதவீதம் பேருக்கு மிதமான வேகத்தில். 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. அழுக்கு எல்லாருக்கும் இருந்தது. அதை எதிர்த்து உடல் போராடும் விதமே வேறுபட்டது. அந்தப் போராட்டம் மிஞ்சினால் சொந்த எலும்பையே கரைத்துவிடும்.

காளானுக்கு இங்கேதான் இடம். அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்னும் மாவுப்பொருள் நோயெதிர்ப்பு அணுக்களின் செயலை மாற்றக்கூடியது. 2011-ல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், ஷிடாக்கே காளான் சாற்றால் 11 நாள் வாய் கொப்பளித்தவர்களுக்கு ஈறு வீக்கம் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் கொப்பளித்தார்கள், மாத்திரை விழுங்கவில்லை. எலும்பு கரைந்தபின் வரும் நோய்க்கும் அது சோதிக்கப்படவில்லை.

சர்க்கரை வியாதியுள்ள தாயார் ஒருவர் எட்டு மாதம் காளான் பொடியை நம்பிச் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போட்டார். வந்தபோது மூன்று பற்களை எடுக்க வேண்டியதாயிற்று. பல்லில் இறுகிய காரையை எந்தப் பொடியும் கரைக்காது. கருவி கொண்டுதான் எடுக்க வேண்டும். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் அடங்காது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுவோர் வைத்தியரைக் கேளாமல் ரெய்ஷியைத் தொடவே வேண்டாம்.

சந்தையில் விற்கும் சிப்பிக் காளான் நல்ல ஆகாரம். மிளகு போட்டு வறுத்தால் எனக்கும் பிரியம். அதை மருந்தென்று எண்ணாமல் சாப்பிடுங்கள்.

ஈற்றில் இரத்தம் கண்டால் டப்பா வாங்கும் பணத்தில் காரையை எடுத்துவிடலாம். வசதியில்லாதோர்க்கு சென்னை முத்துசாமி சாலையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு ரயில் உண்டு. காலையிலேயே புறப்படுவது நல்லது.