திறந்த நிரல், மூடிய களஞ்சியம்

முன்னுரை

கட்டற்ற மென்பொருள் என்றதும் நம் நினைவுக்கு வருவது லினக்ஸ். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ஆனால், நம் கணினிக்கு மென்பொருளை அனுப்பிவைக்கும் வழங்கியின், அதாவது சர்வரின், மூலநிரல் மூடப்பட்டிருந்தால் இவ்வுரிமைகள் எந்த அளவுக்குப் பயன்படும்? உபுண்டுவில் உள்ள ஸ்னாப் முறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

களஞ்சியங்களின் வழக்கம்

லினக்ஸில் மென்பொருள்கள் பொதிகளாக வந்து சேர்கின்றன. 1993-இல் தொடங்கிய டெபியன் திட்டம் தன் பொதிகளைக் களஞ்சியத்தில் வைக்கிறது. அக்களஞ்சியத்தின் படிகளை உலகெங்கும் பல பல்கலைக்கழகங்கள் தத்தம் வழங்கிகளில் வைத்துள்ளன. களஞ்சியப் பட்டியலில் மின்கையொப்பம் இருப்பதால், எந்தப் படியிலிருந்து பெற்றாலும் பொதி மாற்றப்படவில்லை என்பதை நம் கணினியே சரிபார்த்துக்கொள்ளும். ஒரு களஞ்சியம் வேண்டாமென்றால் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி வேறொன்றுக்குச் செல்லலாம். நாமே ஒன்றை அமைக்கவும் செய்யலாம்.

ஸ்னாப் முறை

ஸ்னாப்பை உருவாக்கியது, உபுண்டுவை வெளியிடும் கேனானிக்கல் நிறுவனம். 2016-இல் வந்த உபுண்டு 16.04 பதிப்பில் இது மேசைக்கணினிப் பயனர்களை எட்டியது. ஒரு செயலிக்குத் தேவையான துணைநிரல்கள் பெரும்பாலும் அதன் பொதியிலேயே அடங்கிவிடுவதால், ஒரே பொதி பல லினக்ஸ் வகைகளில் இயங்கும். புதிய பதிப்புகளும் தாமாகவே வந்து சேரும். இவை மறுக்க முடியாத நன்மைகள்.

நம் கணினியில் இயங்கும் ஸ்னாப்டி நிரல் திறந்த மூலநிரல் கொண்டது. ஆனால், அது நாடிச் செல்லும் கடை கேனானிக்கல் நிறுவனத்துடையது. அக்கடையை இயக்கும் வழங்கி நிரல் வெளியிடப்படவில்லை. ஆப்ட் முறையில் செய்வதுபோல் இரண்டாவது களஞ்சியம் ஒன்றைப் பயனர் எளிதாகச் சேர்க்கவும் வழியில்லை.

உரிமம் ஏன் தடுக்கவில்லை?

ஜிபிஎல் உரிமம், நிரலைப் பிறருக்கு வழங்கும்போதுதான் மூலநிரலையும் தரக் கட்டாயப்படுத்துகிறது. வழங்கி நிரலோ நிறுவனத்தின் கணினியை விட்டு வெளியே வருவதில்லை. நமக்கு வருவது அதன் சேவை மட்டுமே. இந்த இடைவெளியை அடைக்கவே 2007-இல் ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. எனினும், அதைத் தேர்ந்தெடுப்பது நிரலின் உரிமையாளர் விருப்பம்.

எழும் கவலைகள்

உபுண்டு 20.04-இல் குரோமியம் உலாவியை ஆப்ட் கட்டளையால் நிறுவினால், ஒரு வெற்றுப் பொதி வந்து ஸ்னாப் வடிவத்தையே நிறுவியது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் இதனை எதிர்த்தது; 2020-இல் வந்த மின்ட் 20 பதிப்பில் ஸ்னாப்டி தானாக நுழைவதைத் தடுத்தது. தேர்வு பயனரிடமிருந்து நழுவுகிறது என்பதே மின்டின் மனக்குறை.

ஒரே கடை என்றால் பாதுகாப்பு மிகும் என்பாரும் உண்டு. ஆயினும், 2018-இல் ஒரு விளையாட்டுப் பொதிக்குள் மின்நாணயம் தோண்டும் நிரல் ஒளிந்திருந்தது அதே கடையில்தான். வழங்கி நிரலைத் திறந்துவிட்டால் இத்தகைய மோசடி நின்றுவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால், வேறு கடை இருந்தால் அங்கே செல்லலாம்.

நிறுவனத்தின் வாதம்

கேனானிக்கலின் லாஞ்ச்பேட் தளமும் முதலில் மூடப்பட்டே இருந்தது. பலரின் வற்புறுத்தலுக்குப் பின் 2009-இல் அதன் மூலநிரல் ஏஜிபிஎல் உரிமத்தில் வெளியிடப்பட்டது. அதற்குச் செலவிட்ட உழைப்புக்கு ஈடான வெளிப் பங்களிப்பு வரவில்லை என்பது நிறுவனத் தரப்பின் வாதம். இவ்வாதத்தில் உண்மை இருக்கலாம். ஆனால், மூலநிரலைக் கேட்பவர் எல்லாரும் அதில் வேலை செய்யக் கேட்பதில்லை. தேவை வந்தால் விலகிச் செல்லும் வழி வேண்டும் என்பதற்காகவும் கேட்கின்றனர்.

முடிவுரை

2002 முதல் லினக்ஸ் கருவின் உருவாக்கம் பிட்கீப்பர் என்னும் மூடிய மென்பொருளைச் சார்ந்திருந்தது. 2005-இல் அதன் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டதும், லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் என்னும் கருவியை அவசரமாக எழுத நேர்ந்தது. எல்லாருக்கும் அத்திறமை வாய்ப்பதில்லை. பிளாட்பேக் முறையில் பிளாட்ஹப்பே பெருங்களஞ்சியமாக இருந்தாலும், எவரும் வேறொன்றை அமைக்கலாம். பயனர் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். எனவே, ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, “இதன் மூலநிரல் திறந்ததா?” என்று கேட்பதோடு நின்றுவிடாமல், “இது எங்கிருந்து வருகிறது? அந்த இடத்தை நான் மாற்ற முடியுமா?” என்றும் கேட்போம்.