லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூரு: அந்த ஒரு மணி நேரக் கணக்கு

"பெங்களூருல சேர்த்துட்டோம் சார். நம்ம ஏர்போர்ட்டுல ஏறினா ஒரு மணி நேரம்தானே!" கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் கலந்தாய்வு நடக்கும் மாதங்களில் புதுச்சேரி லாஸ்பேட்டைப் பெற்றோர் பலர் இப்படிச் சொல்கிறார்கள். என்ன படிப்பு என்று கேட்டால் பையன் அப்பா முகத்தைப் பார்க்கிறான்.

முதலில் பயணக் கணக்கைப் பார்ப்போம். சென்னைக்கு நான் வழி சொல்லத் தேவையில்லை. ஐதராபாத் என்றால் விமானமே சரி. வான்வழியில் சுமார் 600 கி.மீ., இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். தரைவழியில் ஒரு முழு இரவு போதாது.

சிக்கல் பெங்களூருதான். வான்வழியில் சுமார் 270 கி.மீ. ஏடிஆர் விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். அரை மணி நேரம் என்று மனக்கணக்கு சொல்லும். ஆனால் அந்த வேகம் மேலே ஏறி நிலைத்த பிறகுதான். ஏற்றம், இறக்கம், பெங்களூருவில் தரையிறங்க முறை வரும்வரை காத்திருப்பு எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். பெட்டி போடும் கவுன்டரோ ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். வீடு ஏர்போர்ட்டுக்குப் பின்தெருவில் இருந்தாலும் சலுகை கிடையாது. இறங்குவது நகரத்துக்கு வடக்கே, தேவனஹள்ளியில். நம் பிள்ளைகள் பலர் தங்குவது தெற்கே, எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பக்கம். வாயு வஜ்ரா என்ற ஏர்போர்ட் பஸ்ஸில் இன்னும் 50 கி.மீ.க்கு மேல். ஹெப்பாளிலும் சில்க் போர்டிலும் நெரிசல் பிடித்தால் பறந்த நேரத்தைவிட ரோட்டில் நின்ற நேரம் அதிகம். ஆக மொத்தம் ஐந்து மணி நேரம், அதுவும் பகலில்.

இரவு பஸ் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகச் சுமார் 310 கி.மீ. போகும். ஏழெட்டு மணி நேரம், தூங்கிக்கொண்டே. ஓசூர் ரோட்டில் நுழைவதால் விடியற்காலை எலக்ட்ரானிக் சிட்டியிலேயே இறங்கிக் குளித்துவிட்டு முதல் வகுப்புக்குப் போகலாம். எனக்கு இந்த பஸ் மீது ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த அரிசிப் பையையும் ஊறுகாய் ஜாடியையும் விமானத்தின் 15 கிலோ கணக்குப் பார்க்காமல் ஏற்றிக்கொள்ளும் வண்டி அது.

இன்னொன்று. நம் ஓடுதளம் 1,500 மீட்டர்தான். பெரிய விமானங்களுக்குப் போதாது. நீட்டிக்கத் தேவையான நிலம் தமிழகப் பக்கம் இருக்கிறது, பேச்சு வருஷக்கணக்காக நடக்கிறது. 2013-ல் பெங்களூரு சேவை வந்தது, நின்றது. 2017-ல் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ஐதராபாத்துக்கு விட்டார்கள், அதுவும் நின்றது. 2022-ல் மறுபடி தொடங்கி மறுபடி நிறுத்தினார்கள். 2024 டிசம்பரில் இண்டிகோ வந்தது. இன்ஜினீயரிங் நான்கு வருஷம். விமான அட்டவணையை நம்பியா கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது?

ஊருக்கு முன் படிப்பை முடிவு செய்யுங்கள். மெஷினைப் பிரித்துப் போட்டுப் பார்க்கிற பையனுக்கு லாஸ்பேட்டையிலேயே மோதிலால் நேரு பாலிடெக்னிக் இருக்கிறது. வரலாறு, பொருளாதாரத்தில் ருசி உள்ளவளுக்குத் தாகூர் கலைக் கல்லூரி நடக்கும் தூரம். பக்கத்து வீட்டுக்காரர் சேர்த்தார் என்பதற்காகக் கம்ப்யூட்டர் சயின்ஸில் தள்ளாதீர்கள். தம்பி, தங்கச்சி, உங்களுக்கும் சொல்கிறேன்: முதல் செமஸ்டரில் அரியர் விழுந்தால் உடனே பெட்டி கட்டாதீர்கள். பாடம் பிடிபட ஒரு வருஷமாவது ஆகும்.

பெங்களூருதான் என்று முடிவானால், பணம் கட்டுமுன் பிள்ளையோடு ஒரு தடவை இரவு பஸ்ஸில் போய்க் கல்லூரியையும் விடுதியையும் பார்த்துவிட்டு வாருங்கள்.